மின்செலவை அளந்து காட்டும் எஸ்எம்பிஎஸ் வாங்கலாமா? கேள்வி-பதில்

டெஸ்க்டாப் கணினியின் பவர் சப்ளை பற்றி, அதாவது கடையில் எஸ்எம்பிஎஸ் என்று கேட்டு வாங்கும் பெட்டியைப் பற்றி, பல கேள்விகள் சேர்ந்துவிட்டன. எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று தானே அளந்து திரையில் காட்டும் ‘ஸ்மார்ட்’ ரகங்கள் சந்தையில் இருப்பதால் அவற்றை வாங்கலாமா என்பதுதான் பெரும்பாலோரின் சந்தேகம். ஒரு கேள்விக்கான பதில் இன்னொன்றிலும் உதவும் என்பதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துத் தருகிறேன்.

கேள்வி: மகன் கல்லூரியில் படிக்கிறான். சென்ற ஆண்டு ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினி வாங்கிக் கொடுத்தோம். அதிலிருந்து கரண்ட் பில் ஏறிவிட்டது. கணினிதான் காரணமா என்று தெரிந்துகொள்ள மின்செலவைக் காட்டும் 1000 வாட் பவர் சப்ளை ஒன்றை மகன் சிபாரிசு செய்கிறான். இப்போது இருப்பதைப் போல மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாம். உங்களுக்குத் தெரியவேண்டியது கணினி எத்தனை யூனிட் எடுக்கிறது என்பதுதான். அதைச் சுவர் பிளக்கிலேயே அளந்துவிடலாம். மின் அளவீடு உள்ள ஸ்மார்ட் பிளக் ஒன்று ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. டிபி-லிங்க் டாப்போ பி110 அந்த வகைதான். வேறு கம்பெனிகளிலும் உண்டு. வாங்கும்போது ‘எனர்ஜி மானிட்டரிங்’ என்று அட்டைப்பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாத ஸ்மார்ட் பிளக் வெறும் ஸ்விட்ச். கணினி, மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாம் செருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கை இதில் செருகிவிட்டால் அந்த மேஜையின் மொத்தச் செலவும் மொபைலில் தெரியும். பதினைந்து நாள் விட்டுப் பார்த்தால் போதும்.

அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் மகனுடைய மாதிரிக் கணினி கேம் ஆடும்போது சுவரில் 250 முதல் 300 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டின் உச்ச அளவே 115 வாட்தான். பாடம், யூடியூப் என்று இருக்கும்போது 70, 80 வாட். தினம் நான்கு மணி நேரம் கேம் என்றால் 1.2 யூனிட். மற்ற ஐந்து மணி நேரத்துக்கு 0.4 யூனிட். மானிட்டருக்கு 30 வாட் வீதம் ஒன்பது மணி நேரத்துக்கு ஏறக்குறைய 0.27. ஆக ஒரு நாளைக்கு 1.9 யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு மாதத்துக்கு 112 யூனிட். மாறாக 1.5 டன் ஏசி ஓரிரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஆறிலிருந்து எட்டு யூனிட் போகும்.

ஆனால் இந்த 112 யூனிட்டை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டில் பில் படிப்படியாக ஏறுகிற கட்டணம். புதிதாகச் சேர்கிற யூனிட், பில்லின் மேல்படியில் போய் உட்காரும். கணினி இல்லாமல் 450 யூனிட் ஓடிய வீட்டில் அது சேர்ந்து 560 ஆனால், கூடுதல் யூனிட்டுக்குச் சராசரி விலை போட்டுப் பார்க்கக் கூடாது. மேல்படி விலையைத்தான் போடவேண்டும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைக்கும் சலுகையிலும் ஒரு பகுதி போய்விடுகிற மாதிரிதான் இந்தக் கட்டண அட்டவணை அமைந்திருக்கிறது. “ஒரு கணினி வாங்கியதற்கா பில் இவ்வளவு ஏறியது?” என்று பல வீடுகளில் கேட்பதற்கு இதுதான் காரணம். பழைய ரசீதையும் புதிய ரசீதையும் பக்கத்தில் வைத்து, எந்தப் படி மாறியது என்று பாருங்கள்.

அப்புறம் அந்த 1000 வாட் சிபாரிசு. பவர் சப்ளை தன் வாட் அளவில் பாதி லோடில்தான் அதிகச் சிக்கனமாக ஓடும். மிகக் குறைந்த லோடில் வீணாகும் மின்சாரத்தின் விகிதம் கூடும். கணினி சும்மா இருக்கும்போது 60 வாட் என்றால் 1000 வாட் பெட்டிக்கு அது 6 சதவீதம். பவர் சப்ளையின் சிக்கனத்துக்குத் தரும் 80 பிளஸ் கோல்ட் சான்று 20, 50, 100 சதவீத லோடுகளில்தான் சோதித்துத் தரப்படுகிறது. 6 சதவீதத்தில் என்ன நடக்கும் என்று அந்த முத்திரை எதையும் சொல்வதில்லை. பில்லைக் குறைக்க வாங்கும் பொருள், கணினி நாள் முழுக்க இருக்கும் நிலையிலேயே கொஞ்சம் கூடுதலாக வீணாக்கினால் யாருக்கு லாபம்? 4060க்கு அதன் சிப்பைத் தயாரிக்கும் என்விடியாவே சொல்வது 550 வாட் பவர் சப்ளை. இப்போது இருப்பது நல்ல கம்பெனியின் 550 அல்லது 650 வாட் என்றால் அதைத் தொடாதீர்கள்.

ஸ்மார்ட் பிளக் வாங்கியதும் அதன் செயலியில் ஒரு அமைப்பை மாற்றிவிடுங்கள். கரண்ட் போய் வந்தால் பழைய நிலைக்கே திரும்பும்படி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் சில பிளக்குகள் அணைந்தே கிடக்கும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது மொபைலில் அந்தப் பிளக்கை அணைப்பது, சுவர் ஸ்விட்சைத் தட்டி அணைப்பதற்குச் சமம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் செயலியில் அந்தப் பொத்தானைப் பூட்டி வையுங்கள்.

கேள்வி: என்னிடம் அளவீடு உள்ள பவர் சப்ளையே இருக்கிறது. அதன் மென்பொருள் 180 வாட் காட்டும்போது ஸ்மார்ட் பிளக் 228 வாட் காட்டுகிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்த்து 140 தான் வருகிறது. எதை நம்புவது? (சென்னை, வேளச்சேரி)

பதில்: மூன்றும் சரியாகவே இருக்கலாம். மூன்றும் வேறு வேறு இடத்தில் அளக்கின்றன.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ காட்டும் 140 பிராசசரும் கார்டும் தாங்களே சொல்லிக்கொள்ளும் கணக்கு. மதர்போர்டு, ரேம், ஃபேன், டிஸ்க் எதுவும் அதில் கிடையாது. அவற்றையும் சேர்த்து பவர் சப்ளை உள்ளே கொடுப்பது 180. அந்த 180ஐக் கொடுக்க அது சுவரிலிருந்து எடுப்பது, திறன் 90 சதவீதம், அதாவது எடுப்பதில் 90 சதவீதம் உள்ளே போய்ச் சேர்கிறது என்று வைத்தால், 200 வாட். மீதி 28 உங்கள் மானிட்டரும் ஸ்பீக்கரும். பிளக்கில் மானிட்டரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், 200க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

மின்வாரியம் பணம் கேட்பது 228க்குத்தான். எனவே பில் கணக்குக்குப் பிளக்கை நம்புங்கள். உள்ளே எது எவ்வளவு சாப்பிடுகிறது என்று பார்க்க மற்ற இரண்டும் உதவும். உங்கள் பவர் சப்ளை மென்பொருளில் ‘பவர் இன்’, ‘பவர் அவுட்’ என்று இரண்டு எண்கள் தனித்தனியாக இருந்தாலும் ‘இன்’ எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சில மாடல்கள் அதை நேரடியாக அளக்காமல், வெளியே போகும் வாட்டையும் தங்கள் திறன் அட்டவணையையும் வைத்துக் கணக்கிட்டுச் சொல்கின்றன. லோடு மிகக் குறைவாக இருக்கும்போது இந்தச் சென்சார்களின் பிழை விகிதமும் கூடும்.

கேள்வி: சரி, அளவீடு உள்ள பவர் சப்ளையே வேண்டாம் என்கிறீர்களா? நான் வீட்டிலிருந்து 3டி ரெண்டரிங் வேலை செய்பவன். இரண்டு கார்டுகள், நாள் முழுக்க ஓட்டம். என்ன பார்த்து வாங்குவது? (மதுரை)

பதில்: உங்களுக்கு வேண்டும். நாள் முழுக்க 700, 800 வாட் ஓடும் கணினிக்கு 1000 அல்லது 1200 வாட் பெட்டி எப்படியும் தேவை. அந்த விலைப்படியில் அளவீட்டுக்கென்று தனியாகக் கொடுக்கும் தொகை பெரிதில்லை. ரெண்டரிங் செலவை வாடிக்கையாளர் பில்லில் சேர்ப்பவருக்கு வேலைக்கு எத்தனை யூனிட் என்று தெரிந்திருப்பது நேரடிப் பயன். பெட்டியின் உள்வெப்பமும் ஃபேன் வேகமும் தெரிவது அதைவிடப் பெரிய பயன். மே மாத மதுரையில் ஏசி இல்லாத அறை என்றால் அந்த இரண்டு எண்களைத்தான் நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். கார்டைக் கொஞ்சம் அண்டர்வோல்ட் செய்தால், அதாவது வோல்டேஜைக் குறைத்து ஓட்டினால், ஒரு ஃபிரேமுக்கு எத்தனை வாட் குறைகிறது, எத்தனை விநாடி கூடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி.

இந்த ரகம் புதிதல்ல. கோர்செயரின் ஏஎக்ஸ்1200-ஐ 2012லேயே வந்தது. பெயரின் கடைசியில் இருக்கும் அந்த ‘ஐ’தான் அடையாளம்: ஏஎக்ஸ்-ஐ, எச்எக்ஸ்-ஐ, பழைய ஆர்எம்-ஐ. அதே கம்பெனியின் ஆர்எம்-எக்ஸ் நல்ல பவர் சப்ளை, ஆனால் அளவீடு இல்லை. இணையதளங்களில் இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டு விற்கிறார்கள், எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். தெர்மல்டேக்கில் டிபிஎஸ் ஜி வரிசை இருந்தது. என்இசட்எக்ஸ்டி 2018இல் இ வரிசையைக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியின் ‘CAM’ என்ற மென்பொருளில் வாட் தெரியும். ஆசுஸின் ஆர்ஓஜி தோர் வழி வேறு. பெட்டியின் பக்கவாட்டிலேயே சின்ன ஓஎல்இடி திரை, அதில் அப்போதைய வாட் எண். மென்பொருளே வேண்டாம். ஆனால் கேபினட்டின் அடியில் பவர் சப்ளையை மறைக்கும் தகடு முழுதாக மூடியிருந்தால் அந்தத் திரை யாருக்கும் தெரியாது. உங்கள் கேபினட்டில் அந்த இடத்தில் வெட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பணம் கொடுங்கள். நாள் கணக்கு, வேலைக் கணக்கு என்று சேமித்து வைக்க உங்களுக்கு மென்பொருள் வகைதான் ஏற்றது.

மென்பொருள் வகை வாங்குபவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு சிறிய விஷயம் இருக்கிறது. பவர் சப்ளையிலிருந்து ஒரு மெல்லிய கேபிள் மதர்போர்டில் உள்ள யூஎஸ்பி 2.0 ஹெடருக்குப் போகவேண்டும். போர்டின் கீழ் விளிம்பில் இரண்டு வரிசையாக ஒன்பது ஊசிகள் நிற்கும் இடம் அது. ஒரு மூலையில் ஊசி இருக்காது. தலைகீழாகச் செருகாமல் இருக்க அப்படி. விலை குறைந்த போர்டுகளில் இந்த ஹெடர் ஒன்றோ இரண்டோதான். கேபினட்டின் முன்பக்கப் போர்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளும், லிக்விட் கூலர் இருந்தால் அது இன்னொன்றை எடுத்துக்கொள்ளும். அப்புறம் பவர் சப்ளைக்கு இடம் இல்லை. ஒரு ஹெடரை மூன்று நான்காகப் பிரிக்கும் சிறிய உள் யூஎஸ்பி ஹப் கிடைக்கிறது. அதையும் சேர்த்து ஆர்டர் செய்துவிடுங்கள்.

இன்னொன்று, பவர் சப்ளை பத்து வருடம் ஓடும், அதன் மென்பொருள் பத்து வருடம் வரும் என்பதற்கு உறுதி கிடையாது. வாங்குமுன், கம்பெனி மென்பொருள் இல்லாமலும் அதைப் படிக்க முடியுமா என்று பாருங்கள். கோர்செயரின் எச்எக்ஸ்-ஐ, ஆர்எம்-ஐ வரிசைகளுக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. லிக்விட்சிடிஎல் என்ற இலவசக் கருவி அவற்றையும் என்இசட்எக்ஸ்டி இ வரிசையையும் படிக்கும். இப்படிப் பொதுவில் திறந்த வழி உள்ள மாடலைத்தான் நான் சிபாரிசு செய்வேன். கணக்குத் தொடங்கி இணையத்தில் உள்நுழைந்தால்தான் வாட் காட்டுவேன் என்கிற ரகத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: கோல்ட் வாங்குவதா, பிளாட்டினம், டைட்டானியம் வாங்குவதா? விலை வித்தியாசத்தைக் கரண்ட் பில்லில் எடுத்துவிடலாம் என்கிறார் கடைக்காரர். (திருச்சி)

பதில்: சாதாரண வீட்டு உபயோகத்தில் எடுக்க முடியாது. கணினிக்கு உள்ளே 300 வாட் தேவை, தினம் எட்டு மணி நேரம் என்று வையுங்கள். கோல்ட் பெட்டிக்கு 91 சதவீதத் திறன் என்றால் சுவரில் 330 வாட். மேல்ரகப் பெட்டிக்கு 94 சதவீதம் என்றால் 319. வித்தியாசம் 11 வாட். வருடத்துக்கு 32 யூனிட், யூனிட் எட்டு ரூபாய் என்றால் சுமார் 256 ரூபாய். அந்த இரண்டு பெட்டிகளின் விலை வித்தியாசத்தை இதால் வகுத்துப் பாருங்கள். பிராண்ஸிலிருந்து கோல்டுக்கு வருவது மட்டும் பெரும்பாலும் நியாயமான பாய்ச்சல், அதுவும் மின்சாரத்துக்காக மட்டும் இல்லை. கோல்ட் வரிசையில் உள்ளிருக்கும் கெபாசிட்டரும் ஃபேனும் பொதுவாக மேலான தரத்தில் இருக்கும்.

80 பிளஸ் சோதனை 23 டிகிரி வெப்பத்தில் நடக்கிறது. நம் ஊர் கேபினட்டின் உள்ளே அந்தக் குளிர் எப்போதும் இருக்காது. சைபனெட்டிக்ஸ் நிறுவனம் கூடுதல் வெப்பத்திலும் பல வகை லோடுகளிலும் சோதித்து, திறனுக்கு ஈட்டா என்றும் சத்தத்துக்கு லாம்ப்டா என்றும் தரம் கொடுக்கிறது. அதன் அறிக்கைகளை இலவசமாகவே படிக்கலாம். வாங்க நினைக்கும் மாடலின் பெயரை அங்கே ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனால் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது. ஸ்மார்ட் பவர் சப்ளை போட்டால் நின்றுவிடுமா? (தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமம்)

பதில்: அளவீட்டு வசதியால் இது நிற்காது. பவர் சப்ளையின் தரத்தால் நிற்கலாம். முதலில் காசு செலவில்லாத ஒன்றைச் செய்யுங்கள். இன்வெர்ட்டரின் பின்னாலோ பக்கவாட்டிலோ யூபிஎஸ், ஈகோ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். சில மாடலில் ‘நார்மல்’ என்று போட்டிருக்கும். அது ஈகோவில் இருந்தால் யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். ஈகோவில் மின்சாரம் மாறிவர எடுக்கும் நேரம் ஃபேனுக்கும் லைட்டுக்கும் பரவாயில்லை, கணினி தாங்காது.

கரண்ட் போன நொடியில் பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்தான் கணினியைத் தாங்கிப் பிடிக்கிறது. எவ்வளவு நேரம்? நல்ல பெட்டியில் முழு லோடில் 16, 17 மில்லிவிநாடி. பவர் சப்ளைகளுக்கென்று 2023இல் வந்த ஏடிஎக்ஸ் 3.1 விதியில் முழு லோடுக்கு அதை 12 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதாவது புதிய விதிப்படி சான்று பெற்ற பெட்டி பழையதைவிடக் குறைவாகத் தாங்கவும் வாய்ப்புண்டு. அடிக்கடி கரண்ட் போகும் ஊர்க்காரர்கள் விமர்சனங்களில் இந்தத் தாங்கும் நேரத்தை, அதாவது ‘ஹோல்ட்-அப் டைம்’ என்ற எண்ணைத் தேடிப் பார்த்து வாங்கவேண்டும். கேம் ஆடாமல் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகவில்லை, கேமில் மட்டும் ஆகிறது என்றால் இந்த நேரம்தான் போதவில்லை. லோடு கூடினால் கெபாசிட்டர் சீக்கிரம் காலியாகும்.

இன்வெர்ட்டர் மின்சாரத்தைச் சதுர அலையாகத் தரும் ஸ்கொயர் வேவ் ரகமா என்றும் பாருங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (இழுக்கும் கரண்ட்டை வோல்டேஜின் அலையோடு ஒத்துப்போக வைத்து, பவர் ஃபேக்டரைத் திருத்தும் சுற்று) உள்ள தற்காலப் பவர் சப்ளைகள் ஸ்கொயர் வேவில் சரியாக ஓடாமல் அணைவதும் ரீங்காரம் இடுவதும் உண்டு. ப்யூர் சைன் வேவ் இருந்தால்தான் நிம்மதி. தனி யூபிஎஸ் வாங்கினால், 600 விஏ என்று பெரிதாகப் போட்டிருப்பதன் உண்மையான அளவு பெரும்பாலும் 360 வாட்தான். அந்த எண் பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

கிராமத்தில் இரவு வோல்டேஜ் 170, 180க்கு இறங்குவதைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். பவர் சப்ளையின் ஸ்டிக்கரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் அது தானே சமாளித்துக்கொள்ளும், ஸ்டெபிலைசர் வேண்டாம். 200–240 என்று மட்டும் இருந்தால் உங்கள் ஊருக்கு அது ஆகாது. இந்த இடத்தில் அளவீடு உள்ள ரகம் ஒரு சிறு உதவி செய்யும்: சிலவற்றில் சுவர் வோல்டேஜும் திரையில் தெரியும், மின்வாரியத்தில் புகார் கொடுக்கும்போது எந்த நேரத்தில் எவ்வளவு என்று சொல்ல முடியும். முன்னூறு, நானூறு ரூபாய் வோல்ட்மீட்டர் பிளக்கும் இதைச் செய்யும்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேபினட்டோடு சேர்த்து 500 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசமாகத் தருகிறார்கள். ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தால் ‘டிஜிட்டல் டிஸ்ப்ளே’ வைத்ததும் உண்டாம். (சென்னை)

பதில்: இலவசமாக வருவதையும் அந்த டிஸ்ப்ளே வைத்ததையும் கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் போடாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாற்பதாயிரம் ரூபாய் கார்டை இந்தப் பெட்டியில் மாட்டுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

கடையிலேயே பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரைப் படியுங்கள். +12V என்ற கட்டத்துக்குக் கீழே ஆம்பியர் எண் இருக்கும். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். நல்ல 650 வாட் பெட்டியில் 54 ஆம்பியர் இருக்கும், பெருக்கினால் 648. ‘500 வாட்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்த பெட்டியில் அந்த இடத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தால் 192 வாட். பிராசசரும் கார்டும் எடுப்பது ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டில்தான் என்பதால் உங்களுக்குக் கிடைப்பது அந்த 192தான். பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் ஆக்டிவ் பிஎஃப்சி இல்லாத பழைய வடிவமைப்பு என்று அர்த்தம். கையில் எடுத்தால் எடையே இருக்காது. ஸ்டிக்கரில் ‘ஆர்’ என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருந்தால் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். யாருக்குக் கொடுத்த எண் என்று வந்துவிடும்.

டிஸ்ப்ளேயில் வாட் ஓடுவதால் உள்ளே பாதுகாப்புச் சுற்று இருக்கிறது என்று ஆகிவிடாது. அதிக லோடு, ஷார்ட், அதிக வோல்டேஜ், அதிக வெப்பம் ஆகிய நான்கிலும் தானே அணைந்துகொள்ளும் பெட்டிதான் கார்டைக் காப்பாற்றும். அந்த நான்கும் இருக்கிறதா என்று மாடலின் விவரப் பக்கத்தில் பாருங்கள். பட்ஜெட் இடித்தால் அளவீட்டை விட்டுவிடுங்கள், இவற்றை விடாதீர்கள்.

கேள்வி: கேபினட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. பவர் சப்ளை பழுதா? (நாகர்கோவில்)

பதில்: பெரும்பாலும் வீட்டில் எர்த் சரியில்லை. பவர் சப்ளையின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெபாசிட்டர்கள் கொஞ்சம் மின்சாரத்தைக் கேபினட் வழியாக எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் அது உங்கள் விரல் வழியாகப் போகிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த சாக்கெட்டில் லைனுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு பின் பிளக்காக இருந்தால் இன்றே மாற்றுங்கள். சுர்ரென்பது அதிர்ச்சியாக மாறினால் கணினியைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் ‘பவர் சேவர்’ கருவியைக் கணினிக்குப் போடலாமா? (ஈரோடு)

பதில்: போடாதீர்கள். உள்ளே ஒரு கெபாசிட்டரும் ஒரு விளக்கும்தான் இருக்கும். வீட்டு மீட்டர் யூனிட் கணக்கில் ஓடுவது. பவர் ஃபேக்டரைத் திருத்தினாலும் அந்த எண் குறையாது. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள பவர் சப்ளை அந்த வேலையையும் தானே செய்துவிடுகிறது.

கேள்வி: பெரிய கார்டுகளில் 16 பின் கனெக்டர் உருகுகிறது என்று படிக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 5090 வாங்கப் போகிறேன். அளவீடு உள்ள பவர் சப்ளை முன்கூட்டியே எச்சரிக்குமா? (பெங்களூர்)

பதில்: மொத்த வாட்டை மட்டும் காட்டும் ரகம் எச்சரிக்காது. ஏன் என்று பாருங்கள். அந்த கனெக்டரில் 12 வோல்ட் வரும் ஊசிகள் ஆறு. 600 வாட் என்றால் 50 ஆம்பியர், ஊசிக்கு 8.3 வீதம் பங்கு. ஒரு ஊசி சரியாகத் தொடாவிட்டால் அதன் பங்கை மற்ற ஐந்தும் சேர்ந்து சுமக்கும், அவற்றில் ஒன்று அளவுக்கு மீறிச் சூடாகும். அப்போதும் மொத்தம் அதே 600தான். உங்கள் திரையில் எண் அசையாது.

ஊசி வாரியாக அளந்தால்தான் இது தெரியும். ஆசுஸின் ஆர்ஓஜி ஆஸ்ட்ரல் 5090 கார்டிலேயே அந்த வசதி இருக்கிறது. 5090க்கு 575 வாட், என்விடியா சொல்லும் பவர் சப்ளை 1000 வாட். இவ்வளவு செலவு செய்கிறவர் அளவீட்டுக்கு ஒதுக்கும் பணத்தை ஊசி வாரியாகக் காட்டும் கார்டில் போடுவதே மேல். பவர் சப்ளை ஏடிஎக்ஸ் 3.1 ஆக, அந்த 16 பின் கனெக்டருக்கான 12வி-2x6 கேபிள் அதோடு வருவதாக இருக்கட்டும். அடாப்டர் வேண்டாம். கேபிளை இடைவெளி தெரியாத அளவு முழுக்க அழுத்திச் செருகுங்கள், கனெக்டரை ஒட்டியே மடக்காதீர்கள். பழைய பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளைப் புதியதில் போடவே கூடாது. வாய் பொருந்தும், உள்ளே வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

கேள்வி: மொபைலில் யூனிட் கணக்குப் பார்க்கலாம் என்ற விளம்பரத்தை நம்பி ஒரு பவர் சப்ளை வாங்கினேன். ஒரு வருடத்தில் அந்தச் செயலியையே நிறுத்திவிட்டார்கள். “கணினி ஓடுகிறதல்லவா, வாரண்டியில் வராது” என்கிறது சர்வீஸ் சென்டர். (சேலம்)

பதில்: அந்த வசதிக்காகவே கூடுதல் விலை கொடுத்திருக்கிறீர்கள். பெட்டி ஓடுகிறது என்பது மட்டும் போதுமான பதில் இல்லை. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

முதலில் ஆதாரத்தைச் சேர்த்துவிடுங்கள். விளம்பரப் பக்கம் இன்னும் இருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட், அட்டைப்பெட்டியில் அந்த வசதியைக் குறிப்பிடும் பக்கத்தின் படம், ரசீது, செயலி வேலை செய்யவில்லை என்று காட்டும் திரை. சர்வீஸ் சென்டர் வாயால் சொன்னதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் “இன்ன தேதியில் இப்படிச் சொன்னீர்கள்” என்று நீங்களே அவர்களுக்கு எழுதி வையுங்கள். கேட்பதையும் தெளிவாகக் கேளுங்கள்: அளவீடு வேலை செய்யும் வேறு மாடல், அல்லது விலையில் ஒரு பகுதி.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். கம்பெனிக்குப் புகாரை அனுப்பிச் சமரசம் செய்ய முயல்வார்கள், பல விஷயம் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் சேலத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை தொடங்கியதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்கவேண்டும், செயலி நின்ற தேதியை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் உங்கள் மாடலின் பெயரை லிக்விட்சிடிஎல் ஆதரவுப் பட்டியலில் தேடிப் பாருங்கள். அதில் இருந்தால் அளவீடு கணினியிலாவது திரும்பக் கிடைக்கும். அப்படிக் கிடைத்தாலும் புகாரைத் திரும்பப் பெறவேண்டியதில்லை, விளம்பரத்தில் சொன்னது மொபைல் செயலி.